பட்டர்வொர்த் ஆகாயப்படைத் தளம்: யாருக்குச் சொந்தம், எதற்காக இருக்கிறது?

பாகான் ஆஜாமிலிருந்து தெலுக் ஆயர் தாவார் செல்லும் கடலோரச் சாலையில் மாலை வேளையில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. முள்வேலிக்கு அப்பால் இரட்டை வால் கொண்ட போர் விமானம் ஒன்று ஓடுபாதையின் முனைக்கு மெல்ல நகர்கிறது. சற்று நேரத்தில் ஒட்டுக்கடைகளின் தகரக் கூரை அதிர்கிறது. தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறார்கள். ஓசை வானத்தில் தேய்ந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்கிறது. வேறொரு நாள் அதே வேலிக்கு அப்பால் பயணிகள் விமானம் போன்ற தோற்றத்தில் சாம்பல் நிற விமானம் ஒன்று நிற்கிறது. அதன் உடலில் கங்காரு பொறித்த வட்டச் சின்னம் இருக்கிறது. அது ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமானது.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மலேசிய மண்ணில் உள்ள ஒரு தளத்தில் ஆஸ்திரேலிய விமானத்துக்கும் ஆஸ்திரேலியக் காலாட்படைக்கும் என்ன வேலை? அது அந்நிய நாட்டின் தளமா? வட்டாரத்தில் போர் மூண்டால் அந்த நாடு நமக்காகப் போரிடக் கடமைப்பட்டதா, அல்லது அதன் போருக்குள் நாம் இழுக்கப்படுவோமா? தென் சீனக் கடல் குறித்த செய்தி வெளிவரும் ஒவ்வொரு முறையும் பினாங்குத் தமிழர்களிடையே இக்கேள்விகள் எழுகின்றன. பதில்களோ பெரும்பாலும் ஊகங்களாக இருக்கின்றன. இக்கட்டுரை தளத்தின் அடிப்படைகளிலிருந்து தொடங்கி, அதன் வரலாற்றையும் இன்றைய பணியையும் வரிசையாக விளக்குகிறது.

தளத்தில் நிலைத்து நிற்பவை எவை

ஆகாயப்படைத் தளம் என்றதும் போர் விமானங்களே நினைவுக்கு வருகின்றன. ஆனால் விமானங்கள் வருகின்றன, இருபது முப்பது ஆண்டுகள் பறக்கின்றன, பிறகு கழிக்கப்படுகின்றன. அவை மாறிக்கொண்டே இருக்க, தளத்தின் மதிப்பைத் தீர்மானிப்பவை மூன்று.

1. இடமும் ஓடுபாதையும். பட்டர்வொர்த்தின் ஓடுபாதை 2,438 மீட்டர் நீளமுடையது. அதாவது சரியாக 8,000 அடி. அது வடக்கு தெற்காக அமைந்திருப்பதால் 18/36 என்று குறிக்கப்படுகிறது. திசைகாட்டியின் பாகையில் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு எழுதும் முறை இது: தெற்கு நோக்கி ஓடினால் 180 பாகை, ஆகவே 18, வடக்கு நோக்கி ஓடினால் 360 பாகை, ஆகவே 36. இடத்தைப் பொறுத்தவரை, மலாக்கா நீரிணை இந்தியப் பெருங்கடலை நோக்கி விரியும் வட வாயிலில் இத்தளம் நிற்கிறது. எதிர்க்கரையான சுமத்திராவின் மேடான் நகரம் ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆண்டுக்கு எண்பதாயிரத்துக்கும் அதிகமான கப்பல்கள் கடந்து செல்லும் நீர்வழியை ஒட்டி ஓர் ஓடுபாதை இருப்பது எந்தக் காலத்திலும் மதிப்புக் குறையாத ஒன்று.

2. கண்கள். வானில் எது பறக்கிறது என்பதைக் கண்டறியும் ரேடார்களும், அவை தரும் தகவலை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் கட்டுப்பாட்டு மையமும் இதில் அடங்கும். கண் இல்லாத தளத்தில் எத்தனை விமானங்கள் இருந்தாலும் அவை தரையில் காத்திருக்கும் இலக்குகள் மட்டுமே.

3. உடன்பாடு. யார் யாருக்கு ஆணையிடலாம், யார் யாருக்கு உதவக் கடமைப்பட்டவர், எப்போது கலந்து பேச வேண்டும் என்பவற்றைச் சொல்லும் அரசாங்கங்களுக்கிடையிலான ஏற்பாடு.

இம்மூன்றும் ஒன்றுசேராத தளம் எப்படிப்பட்டது என்பதைப் பினாங்கு மக்கள் 1941-இல் உயிரைக் கொடுத்து அறிந்தார்கள்.

1941: இரண்டு மாத வயதுடைய தளம்

மலாயாவைப் பாதுகாக்கும் பிரிட்டிஷ் திட்டத்தின் ஒரு பகுதியாக இத்தளம் 1941 அக்டோபரில் திறக்கப்பட்டது. டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவிலும், தாய்லாந்தின் சிங்கோராவிலும் பட்டாணியிலும் கரையிறங்கின. இன்று சொங்க்லா என்று அழைக்கப்படும் அந்தச் சிங்கோராவிலிருந்து பறக்கும் ஜப்பானிய விமானங்களுக்கு வட மலாயாவின் விமானத் தளங்கள் எல்லாமே எட்டும் தொலைவில் இருந்தன. அலோர் ஸ்டார் தளம் தாக்கப்பட்டதும், அங்கிருந்த 62-ஆம் பிரிவின் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் பட்டர்வொர்த்துக்குப் பின்வாங்கின.

டிசம்பர் 9 அன்று அந்தப் பிளென்ஹைம்கள் சிங்கோராவைத் தாக்கப் புறப்படும் நிலையில் இருந்தன. ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற அதிகாரியின் விமானம் முதலில் மேலெழுந்தது. அதே வேளையில் ஜப்பானிய விமானங்கள் தளத்தின் மேல் பாய்ந்து, தரையில் வரிசையாக நின்ற ஏனைய விமானங்களை அழித்தன. ஸ்கார்ஃப் பின்வாங்கவில்லை. தனி விமானமாகவே சிங்கோராவுக்குச் சென்று குண்டு வீசினார்; திரும்பும் வழியில் கடுமையாகக் காயமுற்று, அலோர் ஸ்டாருக்கு அருகே ஒரு நெல் வயலில் விமானத்தை இறக்கினார். உடன் சென்ற இருவரும் பிழைத்தனர். அவர் மருத்துவமனையில் உயிர்நீத்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை 1946-இல் அவருக்கு வழங்கப்பட்டது.

ஒரு மனிதரின் துணிவு பெரிதுதான். ஆயினும் தளத்தின் கணக்கைப் பார்க்கும்போது அந்த நாள் சொல்லும் செய்தி வேறு: எதிரி வருவதை முன்கூட்டியே சொல்லக் கண்கள் இல்லை, ஆகவே விமானங்கள் எழும் முன்பே அழிந்தன.

இதன் விளைவை இரண்டு நாளில் தீவு அனுபவித்தது. டிசம்பர் 11 அன்று ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் ஜார்ஜ் டவுனின் மேல் வந்தபோது, மக்கள் ஓடி ஒளியவில்லை. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடினார்கள். தீவில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இல்லை. நீரிணைக்கு அப்பால் இருந்த தளத்திலிருந்து காக்க எழுந்து வரும் விமானங்களும் இல்லை. அந்தத் தாக்குதலிலும் அடுத்தடுத்த நாட்களில் தொடர்ந்தவற்றிலும் துறைமுகத்தை ஒட்டிய நெருக்கமான தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்தும் காயமுற்றும் போனார்கள். பிரிட்டிஷ் நிர்வாகம் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாக ஏற்றிக்கொண்டு தீவைக் கைவிட்டது. அந்த வெற்றிடத்தில் மக்களை ஒழுங்குபடுத்த முன்வந்தவர்களுள் ஒருவர் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியரான மாணிக்கசோதி சரவணமுத்து. யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த அவர்தான் கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். நகரத்தில் படைகள் இல்லை, குண்டு வீச வேண்டாம் என்று வானொலியில் அறிவிக்கவும் செய்தார். இந்தச் செயல், தற்காப்பு வரலாறு எழுதுபவர்களின் பக்கங்களில் இன்னும் உரிய இடம் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் தளம் ஜப்பானியர் கைக்குப் போனது. 1945 செப்டம்பர் வரை அவர்களிடமே இருந்தது.

ஆஸ்திரேலியர் எப்படி வந்தார்கள்

போருக்குப் பிறகு பிரிட்டிஷார் தளத்தைச் சீரமைத்து, 1946-இல் மீண்டும் பயன்படுத்தத் தொடங்கினர். 1948-இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டதும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான நடவடிக்கைகளுக்கு இத்தளமும் துணைபுரிந்தது. 1950-களின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியா தன் படைகளை இவ்வட்டாரத்தில் நிலைநிறுத்த முடிவு செய்தது. ஜெட் விமானங்களுக்கு ஏற்றவாறு ஓடுபாதையை நீட்டிப் புதுப்பிக்கும் பணியை ஆஸ்திரேலிய விமானப்படையின் கட்டுமானப் பிரிவு 1955 முதல் 1958 வரை மேற்கொண்டது. மலாயா சுதந்திரம் பெற்ற 1957-ஆம் ஆண்டிலேயே தளத்தின் பொறுப்பு பிரிட்டிஷாரிடமிருந்து ஆஸ்திரேலியரிடம் மாறியது. தொடர்ந்து 3-ஆம், 77-ஆம் பிரிவுகளின் சேபர் போர் விமானங்களும், 2-ஆம் பிரிவின் கான்பெரா குண்டுவீச்சு விமானங்களும் இங்கே வந்து சேர்ந்தன.

அடுத்த முப்பது ஆண்டுகளில் தளம் இரண்டு விதமாகப் பயன்பட்டது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முதலாவது, மலாயாவின், பிறகு மலேசியாவின் தற்காப்பு. 1963-இல் இந்தோனேசியாவுடனான கொன்ஃப்ரொந்தாசி என்ற மோதல் தீவிரமடைந்தபோது, வான் எல்லையை மீறி வரும் விமானத்தை எதிர்கொள்ளப் பட்டர்வொர்த்தின் சேபர்கள் ஏவுகணைகளோடு ஆயத்த நிலையில் நிறுத்தப்பட்டன.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் பிற போர்களுக்கான இடைத்தளம். 1962-இல் தாய்லாந்தின் உபோனுக்குச் சென்ற சேபர்கள் இங்கிருந்தே போயின. 1964-இல் வியட்நாமுக்குப் புறப்பட்ட ஆஸ்திரேலியப் போக்குவரத்து விமானப் பிரிவு இங்கேதான் உருவாக்கப்பட்டது. 1967-இல் கான்பெரா விமானங்களும் வியட்நாமின் பான் ராங்குக்கு இடம் மாறின. வியட்நாமில் காயமுற்ற ஆஸ்திரேலிய வீரர்கள் தாயகம் திரும்பும் வழியில் பட்டர்வொர்த்தில் இருந்த ஆஸ்திரேலிய விமானப்படை மருத்துவமனையில் தங்க வைக்கப்பட்டார்கள்.

ஒரு தளத்தை இன்னொரு நாட்டிடம் ஒப்படைத்தால், அது உரிமையாளர் கலந்துகொள்ளாத போருக்கும் பயன்படக்கூடும் என்பதை இந்த இரண்டாவது பயன்பாடு காட்டுகிறது. இன்று சிலர் வெளிப்படுத்தும் அச்சம் வெறும் கற்பனையிலிருந்து பிறந்ததல்ல. ஆனால் அன்றைய நிலையும் இன்றைய நிலையும் ஒன்றல்ல. காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

இக்காலத்தில் ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலியக் குடும்பங்கள் தீவிலும் பெருநிலத்திலும் வாழ்ந்தன. அவர்களின் பிள்ளைகளுக்காகப் பினாங்கில் 1958 முதல் 1988 வரை தனிப் பள்ளிக்கூடமே இயங்கியது. தளத்திலும் அக்குடும்பங்களின் வீடுகளிலும் எழுத்தர், ஓட்டுநர், காவலர், சமையலாள், தோட்டக்காரர் என்று உள்ளூர் மக்கள் பலர் வேலை செய்தார்கள். பட்டர்வொர்த்தின் மூத்த தலைமுறை ‘ஏர் பேஸ்’ என்று சொல்லும்போது பெரும்பாலும் அந்தக் காலத்தையே மனத்தில் வைத்துச் சொல்கிறது. தளம் ஆஸ்திரேலியருடையது என்ற எண்ணம் இன்றும் நீடிப்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

1971: கடமையிலிருந்து கலந்தாலோசனைக்கு

சுதந்திரத்தின்போது மலாயாவும் பிரிட்டனும் 1957-இல் ஒரு தற்காப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. மலாயா தாக்கப்பட்டால் பிரிட்டன் உதவிக்கு வரும் என்பது அதன் சாரம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1959-இல் அதனுடன் தங்களை இணைத்துக்கொண்டன. ஆனால் 1968 ஜனவரியில், சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள தன் படைகளை 1971-ஆம் ஆண்டு இறுதிக்குள் விலக்கிக்கொள்ளப்போவதாக பிரிட்டன் அறிவித்தது. சொந்த ஆகாயப்படை இன்னும் வளராத மலேசியாவுக்கும், தனிநாடாகி மூன்று ஆண்டுகள்கூட ஆகியிராத சிங்கப்பூருக்கும் இது பேரிடியாக இருந்தது.

அந்த இடைவெளியை நிரப்பப் பிறந்ததே ஐந்து நாடுகளின் தற்காப்பு ஏற்பாடு. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் 1971 ஏப்ரலில் லண்டனில் கூடி முடிவு செய்தன. நவம்பர் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. இதைப் பற்றி மூன்று விஷயங்களைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

1. இது கூட்டணி ஒப்பந்தம் அன்று. மலேசியாவோ சிங்கப்பூரோ வெளியிலிருந்து தாக்கப்பட்டால், அல்லது அத்தகைய அச்சுறுத்தல் எழுந்தால், ஐந்து அரசாங்கங்களும் உடனடியாகக் கலந்தாலோசித்து, கூட்டாகவோ தனித்தனியாகவோ என்ன செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். ஏற்பாடு விதிக்கும் கடமை அவ்வளவே. ஆஸ்திரேலியா நமக்காகப் போரிட்டே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. ஆஸ்திரேலியாவின் போரில் நாம் சேர வேண்டும் என்றும் அதில் இல்லை.

2. இது தீபகற்ப மலேசியாவையும் சிங்கப்பூரையும் மட்டுமே உள்ளடக்குகிறது. சபாவும் சரவாக்கும் இதில் அடங்கா. தென் சீனக் கடல் தகராறுகளில் பட்டர்வொர்த்தைத் தொடர்புபடுத்திப் பேசுபவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் செய்தி இது.

3. இதற்கென்று நிரந்தரத் தலைமையகம் ஒன்று உண்டு. அது பட்டர்வொர்த்தில் இருக்கிறது. ஒருங்கிணைந்த வான் தற்காப்பு அமைப்பாகத் தொடங்கி, கடலையும் தரையையும் சேர்த்துக்கொண்டு, இன்று ஒருங்கிணைந்த பகுதி தற்காப்பு அமைப்பு என்று அழைக்கப்படும் அதன் தளபதியாக ஆஸ்திரேலிய விமானப்படையின் ஏர் வைஸ் மார்ஷல் ஒருவர் பணியாற்றுகிறார். ஐந்து நாட்டு அதிகாரிகளும் அங்கே ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். பெர்சாமா லீமா, பெர்சாமா ஷீல்டு போன்ற கூட்டுப் பயிற்சிகள் அங்கிருந்தே திட்டமிடப்படுகின்றன.

என் மதிப்பீட்டில் இந்த ஏற்பாட்டின் பலமே அதன் தளர்வில்தான் இருக்கிறது. கண்டிப்பான கூட்டணியாக இருந்திருந்தால், அணிசேராக் கொள்கையை உயர்த்திப் பிடித்த மலேசியா அதிலிருந்து எப்போதோ விலகியிருக்கும். 1965-இல் பிரிந்து, பல விவகாரங்களில் உரசிக்கொண்ட மலேசியாவும் சிங்கப்பூரும், எத்தனை கசப்பு வந்தபோதும் ஒரே தற்காப்பு மேசையில் அமர்ந்து பேசும் பழக்கத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் விடாமல் வைத்திருப்பதற்கு இந்தத் தலைமையகமும் ஒரு காரணம்.

இன்று அங்கே யார் இருக்கிறார்கள்

ஆஸ்திரேலியாவின் மிராஜ் போர் விமானங்கள் 1980-களில் படிப்படியாகத் தாயகம் திரும்பின. கடைசிப் பிரிவு 1988 ஜூன் 30 அன்று கலைக்கப்பட்டது. தளம் முழுமையாக அரச மலேசிய ஆகாயப்படையின் பொறுப்புக்கு வந்தது. ஆகவே, தளம் யாருடையது என்ற கேள்விக்கு விடை எளியது. அது மலேசியாவுடையது. அங்கே இருக்கும் வெளிநாட்டவர் மலேசிய அரசின் சம்மதத்தின் பேரில் இருக்கும் விருந்தினர். வேலிக்கு வெளியிலிருந்து பார்ப்பவர் அங்கே காணக்கூடியவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

1. அரச மலேசிய ஆகாயப்படையின் பிரிவுகள். நம் ஆகாயப்படை இத்தளத்தில் ஜெட் போர் விமானம் பறக்கத் தொடங்கியது 1969-இல், ஆஸ்திரேலியா வழங்கிய சேபர்களோடு. 1970-களின் நடுவில் எஃப்-5 வந்தது. 1990-களில் ஹாக் விமானங்களும், 1997-இல் எட்டு எஃப்/ஏ-18டி ஹார்னெட் விமானங்களும் வந்தன. சாலையோரக் கடைகளின் கூரையை அதிர வைக்கும் இரட்டை வால் விமானம் இந்த ஹார்னெட்தான்.

2. மேற்சொன்ன ஐந்து நாட்டுத் தலைமையகம்.

3. ஆஸ்திரேலியாவின் கடல் கண்காணிப்பு விமானங்கள். ‘ஆபரேஷன் கேட்வே’ என்ற பெயரில் 1981 முதல் இவை காலமுறைப்படி வந்து போகின்றன. முன்பு ஓரியன், இப்போது பி-8ஏ பொசைடன். வட இந்தியப் பெருங்கடலும் தென் சீனக் கடலும் அவற்றின் கண்காணிப்புப் பரப்பு. இவை பட்டர்வொர்த்தில் குடியிருப்பவை அல்ல.

4. ஆஸ்திரேலியக் காலாட்படையின் ஒரு பிரிவு. நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொண்ட இது, 1970 முதல் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறி மாறி வருகிறது. இன்று அதன் முதன்மை நோக்கம் மலேசியப் படையினருடன் சேர்ந்து காட்டுப் பயிற்சி பெறுவது. தொடக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1968-இல் மீண்டும் தொடங்கிய கம்யூனிஸ்ட் கிளர்ச்சி, 1989 டிசம்பர் 2 அன்று ஹாட்யாயில் அமைதி உடன்பாடு கையெழுத்தாகும் வரை நீடித்தது. அக்காலத்தில் உண்மையான தோட்டாக்களோடு தளத்தைக் காவல் காத்த முன்னாள் வீரர்கள், தங்கள் பணியைப் போர்ப்பணியாக அங்கீகரிக்க வேண்டும் என்று தங்கள் அரசிடம் நெடுங்காலமாகக் கோரி வருகிறார்கள். அந்த இருபது ஆண்டுகளில் மலேசியக் காடுகளில் உயிர்விட்ட நம் வீரர்களை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு அக்கோரிக்கை விளங்காமல் போகாது.

ரேடார் எதைப் பார்க்கிறது: 2014-இன் பாடம்

பட்டர்வொர்த் என்றதும் பலருடைய நெஞ்சில் இன்னும் நிற்கும் கேள்வி, 2014-இல் காணாமல் போன மலேசியப் பயணிகள் விமானமான எம்எச்370 பற்றியது. நம் வானில் திரும்பிப் பறந்த விமானத்தை இராணுவ ரேடார் பதிவு செய்திருந்தும், ஏன் ஒரு போர் விமானமும் எழவில்லை? இதற்குப் பதில் தேட, இரு வகை ரேடார்களின் வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் நிலை ரேடார் என்பது ஒரு கேள்வி பதில் முறை. தரை நிலையம் கேட்கிறது. விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி தன் அடையாளக் குறியீட்டையும் உயரத்தையும் சொல்லிப் பதிலளிக்கிறது. பயணிகள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு பெரும்பாலும் இதையே நம்பி இயங்குகிறது. கருவி பேசாவிட்டால் திரையில் விமானம் மறைந்துபோகும். முதன்மை ரேடார் அப்படியல்ல. அது வானொலி அலையை வீசி, உலோக உடலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கிறது. விமானம் ஒத்துழைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எதிரொலிக்குப் பெயர் கிடையாது. திரையில் தெரிவது நகரும் ஒரு புள்ளி மட்டுமே. இராணுவம் சார்ந்திருப்பது இந்த முதன்மை ரேடாரை.

2014 மார்ச் 8 அன்று அதிகாலை 1:21 மணிக்கு, 239 பேருடன் சென்ற எம்எச்370 இரண்டாம் நிலை ரேடாரிலிருந்து மறைந்தது. முதன்மை ரேடார் பதிவின்படி அது திரும்பித் தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்தது. சுமார் 1:52 மணிக்குப் பினாங்குத் தீவின் தென்புறமாகச் சென்றது. அந்த வேளையில் துணை விமானியின் கைப்பேசி சமிக்ஞையைத் தீவின் ஃபார்லிம் பகுதியிலிருந்த கோபுரம் ஒன்று பிடித்தது. பிறகு நீரிணையின் மேல் வடமேற்காகப் பறந்து, 2:22 மணிக்கு ரேடார் எல்லையைத் தாண்டி மறைந்தது. பட்டர்வொர்த் ஓடுபாதையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் தொலைவில், உறங்கிக்கொண்டிருந்த நகரத்தின் ஓரமாக, அது போயிருக்கிறது.

இராணுவம் அந்தப் புள்ளியைக் கண்டது. அச்சுறுத்தலற்ற, நட்பு விமானம் என்று வகைப்படுத்தியது. அதனால் யாரையும் எழுப்பவில்லை. அதே நேரத்தில் பயணிகள் விமானக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஒரு விமானத்தைக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு திரையில் பெயர் தெரியாத புள்ளி, இன்னொரு திரையில் புள்ளி இல்லாத பெயர். இரண்டையும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் யாரும் இணைத்துப் பார்க்கவில்லை. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர் கடக்கும். மேடான் வரையிலான 280 கிலோமீட்டரை அது சுமார் 19 நிமிடத்தில் தாண்டிவிடும். ஆயத்த நிலையில் உள்ள போர் விமானத்துக்குக் கூட, ஆணை வந்த பிறகு எழுவதற்கே சில நிமிடங்கள் வேண்டும். ஆணை பிறக்க வேண்டுமானால், திரையைப் பார்ப்பவர் அந்தப் புள்ளியை அடையாளம் தெரியாதது என்று அறிவிக்க வேண்டும். அங்கேதான் சங்கிலி அறுந்தது. 2018 ஜூலையில் வெளிவந்த அதிகாரப்பூர்வ விசாரணை அறிக்கையும் அந்த இரவின் விமானக் கட்டுப்பாட்டுக் குறைகளை விரிவாகப் பதிவு செய்தது.

1941-இல் பட்டர்வொர்த்துக்குக் கண் இல்லை. 2014-இல் கண் இருந்தது. பார்த்ததை உரியவரிடம் சொல்லும் வாய் இல்லை. தளத்தில் எத்தனை விமானம் நிற்கிறது என்று எண்ணுவதைவிட, பயணிகள் விமானக் கட்டுப்பாட்டுக்கும் இராணுவ மையத்துக்கும் இடையே தொலைபேசி எவ்வளவு விரைவாக ஒலிக்கிறது என்று கேட்பதே இன்றைய குடிமகன் கேட்க வேண்டிய கேள்வி. இந்தத் தொடர்பு பினாங்குக்குக் கூடுதல் முக்கியம். ஏனெனில் பினாங்கு விமான நிலையம் உள்ள பாயான் லெப்பாஸில் இறங்கவரும் பயணிகள் விமானங்களையும் பட்டர்வொர்த்தின் கட்டுப்பாட்டு மையமே வழிநடத்துகிறது.

வேலிக்கு வெளியே: உயரமும் பறவைகளும்

தளத்தைச் சுற்றியுள்ள நிலங்களில் அடுக்குமாடி எழும்பாதது ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. ஓடுபாதையின் இரு முனைகளிலும் விமானம் தாழ்ந்து வரும் வழியும், சுற்றிலும் அது வட்டமிடும் வெளியும் தடையின்றி இருக்க வேண்டும். அனைத்துலகப் பயணிகள் விமானத் தர விதிப்படி, இத்தகைய நீளமுள்ள ஓடுபாதையைச் சுற்றி 4 கிலோமீட்டர் வரை 45 மீட்டர் உயரம் என்பது வரம்பு. ஏறத்தாழ பதினைந்து மாடி. ஓடுபாதை முனைக்கு நேரெதிரே வரம்பு இன்னும் கடுமையானது: ஐம்பது மீட்டர் விலகிச் சென்றால் ஒரு மீட்டர் உயரலாம். அந்தக் கணக்கில் முனைக்கு ஒரு கிலோமீட்டர் அப்பால் ஆறு மாடிதான் எழுப்ப முடியும். இராணுவத் தளங்களுக்குத் தற்காப்பு அமைச்சின் ஒப்புதலும் தேவைப்படுகிறது என்றாலும், அடிப்படைத் தத்துவம் இதுவே. தெலுக் ஆயர் தாவாரிலும் சுங்கை பூயுவிலும் நிலம் வாங்குபவர்கள் வீட்டுமனையின் விலையோடு இதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

அதே கரையில் இன்னொரு கவலையும் உண்டு. தெலுக் ஆயர் தாவார் முதல் கோலா மூடா வரையிலான சேற்றுக்கரை, வடக்கிலிருந்து குளிர்காலத்தில் இடம்பெயர்ந்து வரும் நீர்ப்பறவைகள் இரைதேடும் முக்கியமான இடம். நீர் வற்றும் நேரத்தில் சேற்றில் ஆயிரக்கணக்கில் மேய்ந்து, நீர் ஏறும்போது அவை கூட்டமாக எழும். தாழப் பறக்கும் ஜெட்டின் இயந்திரத்துக்குள் ஒரு பறவை புகுந்தாலே போதும். அதற்காகப் பறவைகளை விரட்டிவிட முடியாது. அவை இந்த ஓடுபாதைக்கு எத்தனையோ தலைமுறை முந்தியவை. பறப்பு நேரத்தையும் நீரேற்ற நேரத்தையும் சேர்த்துப் பார்த்துத் திட்டமிடுவதே வழி.

ஆபத்து தளத்துக்குள்ளும் நேரலாம். 2021 நவம்பர் 16 இரவு பட்டர்வொர்த் தளத்தில் ஹாக் 108 விமானம் ஒன்று விபத்துக்குள்ளாகி, விமானி ஒருவர் உயிரிழந்தார், உடனிருந்தவர் காயமுற்றார். அமைதிக் காலப் பயிற்சிக்கும் விலை உண்டு என்பதை அக்கம்பக்கத்தார் அன்று நேரில் கண்டார்கள்.

ஹார்னெட்டுக்குப் பிறகு

2013 மார்ச் 5 அன்று சபாவின் லஹாட் டத்துவில் ஊடுருவிய ஆயுதக் கும்பலுக்கு எதிரான தாக்குதலில், மூன்று ஹார்னெட்டுகளும் ஐந்து ஹாக்குகளும் பங்கேற்றன. தீபகற்பத்தின் வடமேற்கு மூலையைத் தாயகமாகக் கொண்ட பிரிவு சபாவின் கிழக்குக் கரைக்குத் தேவைப்பட்டது என்பதே, நம்மிடம் உள்ள விமானங்களின் எண்ணிக்கை எவ்வளவு குறைவு என்பதற்குச் சான்று. எட்டாக வந்த ஹார்னெட்டுகளில் ஒன்று 2025 ஆகஸ்ட் 21 இரவு குவாந்தானில் மேலெழும்போது தீப்பற்றி விழுந்தது. இருவரும் குதித்து உயிர்பிழைத்தார்கள். இப்போது ஏழு எஞ்சியிருக்கின்றன. அவற்றுக்கும் வயது முப்பதை நெருங்குகிறது. குவைத்தின் பழைய ஹார்னெட்டுகளை வாங்குவது குறித்துப் பல ஆண்டுகள் பேச்சு நடந்தது. 2023 மே மாதம் லங்காவி கண்காட்சியில் தென் கொரியாவிடம் பதினெட்டு எஃப்ஏ-50 இலகு போர் விமானங்களுக்கு ஏறத்தாழ 92 கோடி அமெரிக்க டாலருக்கு ஒப்பந்தமானது. அவை செல்லவிருப்பது குவாந்தானுக்கு.

ஆக, பட்டர்வொர்த்தில் ஹார்னெட்டின் இடத்தில் எது வந்து நிற்கும் என்பதை அடுத்த சில ஆண்டுகளுக்குள் தற்காப்பு அமைச்சு முடிவு செய்தாக வேண்டும். ஓடுபாதை இருக்கிறது, ரேடார் இருக்கிறது, ஐந்து நாட்டு மேசையும் இருக்கிறது. அந்த மேசையில் மற்ற நாடுகளோடு சரிசமமாக அமரும் மலேசியாவின் குரலுக்கு எடை தருவது, வேலிக்கு அப்பால் நம் கொடியோடு எழும் விமானங்கள்.